லம்பியில் ஏறியவர்கள்

போன வருஷம் எங்கள் ரயில்பாதையின் வரலாறு என்று ஒரு புத்தகம் வந்தது. கெட்டி அட்டை, வழவழத்தாள், பழைய படங்கள். நூற்றுப் பதினாறாம் பக்கத்தில் எங்கள் ஊருக்கு மூன்று வரி ஒதுக்கியிருக்கிறார்கள். "லம்பி: 1912இல் ஃபின்லாந்திலிருந்து வந்த மரவெட்டிகளின் குடியிருப்பு. தண்டவாளக் கட்டையும் பலகையும் அறுக்கும் மில் ஒன்று இருந்தது. 1958இல் மில் மூடப்பட்டதும் ஊர் கைவிடப்பட்டது."

கைவிடப்பட்டதாம். அப்படியென்றால் அதற்குப் பிறகும் இருபத்தாறு வருஷமாக இதே அடுப்பில் பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருக்கும் நான் யார், பேயா? படித்ததும் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. என் பெயர் சைமா ரவுத்தியோ. மில்லின் சமையல் கொட்டகையில் பதினாலு வயதில் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தவள். மில் போய்விட்டது, கொட்டகை இருக்கிறது, நானும் இருக்கிறேன். ஊர் எப்போது காலியாக இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்தப் புத்தகம் எழுதிய மகானுக்குத் தெரியாது.

1976ஆம் வருஷ நடப்பைச் சொல்கிறேன். அப்போது லம்பியில் நாங்கள் பதினேழு பேர். ரோடு கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அறுபது மைலுக்குக் காடும் ஏரியும்தான். திங்கள், புதன், வெள்ளி காலை பத்து மணிக்கு ரயில் வடக்கே போகும். நாற்பது மைல் தள்ளிப் பாதை முடியும் இடத்தில் திரும்பி, அன்றே சாயங்காலம் நாலு மணிக்குத் தெற்கே போகும். மாவு, மண்ணெண்ணெய், மருந்து, தபால், பல்வலிக்காரன், பிரசவக்காரி, எல்லாம் அதில்தான். லம்பியில் அது தானாக நிற்காது. கொட்டகைக்கு எதிரே ஒரு தகரக் கூரை, அதன் கீழே ஆணியில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு கொடி. ஏறவேண்டியவர் கொடியை எடுத்து வீச வேண்டும். டிரைவர் இரண்டு தரம் சின்னதாக ஊதுவான். ஊதினால் நிறுத்துகிறான் என்று அர்த்தம்.

அந்த வருஷம் ஆகஸ்டில், கண்டக்டர் வாசில் கொவால்ச்சக் லக்கேஜ் பெட்டியின் வாசலில் நின்று, தபால் பையோடு ஒரு நீள உறையையும் என் கையில் கொடுத்தான். வாசில் உக்ரைன்காரன். ஆறடி உயரம், மீசை பாதி முகம். இருபத்தொன்பது வருஷமாக இந்த ரயிலில் கண்டக்டர். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே கொடுத்துவிட்டு, நான் நீட்டிய புகைபோட்ட மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் எல்லோரையும் கொட்டகைக்கு வரச் சொல்லிக் கடிதத்தை உரக்கப் படித்தேன். "கடந்த இருபது ஆண்டுகளில் லம்பி நிறுத்தத்தில் ஏறிய பயணிகள்: இல்லை. இறங்கிய பயணிகள்: இல்லை. எனவே நவம்பர் முதல் தேதியிலிருந்து இந்நிறுத்தம் கால அட்டவணையிலிருந்து நீக்கப்பட உள்ளது. அக்டோபர் 18 அன்று எங்கள் அதிகாரி நேரில் வந்து பார்வையிட்டு முடிவு செய்வார்."

"இல்லையா?" என்றான் ஒவிலா ஷரெட். மில்லில் ரம்பம் ஓட்டிய பிரெஞ்சுக்காரன். இடது கையில் மூன்று விரல்தான். "போன வாரம்தானே நான் போயிட்டு வந்தேன். நான் என்ன காத்தா?"

அதற்கான பதில் எல்லோருக்கும் தெரியும்.

1938 பிப்ரவரியில் எங்கள் ஊருக்குத் தெற்கே மலையை வெட்டிப் பாதை போட்ட இடத்தில் ரயில் பனியில் புதைந்தது. நாலு நாள். உள்ளே நாற்பத்து மூன்று பயணிகள். மில்லை நிறுத்திவிட்டு எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் மண்வெட்டியோடு போனார்கள். பயணிகளை ஒவ்வொருவராகத் தோளில் தூக்கிவந்து இந்தக் கொட்டகையில் போட்டார்கள். நாங்கள் வடித்துக் கொட்டினோம். ஐந்தாம் நாள் வண்டி நகர்ந்தபோது அன்றைய கண்டக்டர் டோனல் மெக்ஃபி, அடுப்புப் பக்கத்தில் நின்று தொப்பியைக் கழற்றி, "லம்பி ஆளுக்கு இந்த ரயில்ல டிக்கெட் குத்துற கண்டக்டர் இனிமேதான் பொறக்கணும்" என்றார். சும்மா வாய் வார்த்தை இல்லை, சத்தியம். எனக்குப் பத்தொன்பது வயது, சூப் சட்டியோடு அங்கேதான் நின்றேன்.

அதிலிருந்து நாங்கள் டிக்கெட் எடுத்ததில்லை. பயணிகள் பெட்டியில் ஏறினால்தானே டிக்கெட்? நாங்கள் லக்கேஜ் பெட்டியில் ஏறுவோம். மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, நாயும் படகும் பக்கத்தில் கிடக்க, கண்டக்டரோடு காப்பி குடித்துக்கொண்டு போவோம். மெக்ஃபிக்குப் பிறகு வந்தவர்களும் அந்த வார்த்தையைக் காப்பாற்றினார்கள். எவனாவது புதுசு தெரியாமல் டிக்கெட் கேட்டால் எங்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அந்த ரோஷம்தான் இப்போது பதிவேட்டில் 'இல்லை' என்று உட்கார்ந்திருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நாங்கள் செலவே இல்லாமல் வைத்துக்கொண்டோம்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? உள்ளதைச் சொல்லிடுவோம்" என்றான் ஒவிலா. "டிக்கெட் இல்லாம ஏறினோம், ஆனா ஏறினோம்."

"சொல்லிட்டு? வாசில் என்ன ஆவான்?" என்றேன். "இருபத்தொன்பது வருஷம் ஓசியில ஆள் ஏத்தினான்னு எழுதிக்கொடுத்தா மறுநாளே சீட்டைக் கிழிப்பாங்க. மார்ச்சுல அவனுக்குப் பென்ஷன். இன்னும் ஏழு மாசம்."

"ஒருத்தனுக்குப் பென்ஷன் போகுமேன்னு பதினேழு பேர் ஊரை விட்டுட்டுப் போறதா?"

"ஆமாய்யா. அவன் நம்ம உப்பைத் தின்னவன். நாம அவன் வண்டியில போனவங்க. காட்டிக்கொடுத்துத்தான் இங்க இருக்கணும்னா நான் நாளைக்கே மூட்டையைக் கட்டறேன்."

மூலையில் வலை பின்னிக்கொண்டிருந்த டெல்ஃபின் மெகீசி சிரித்தாள். ஓஜிப்வே என்ற பூர்வகுடி இனத்துக்காரி. கண்ணி வைத்து நீர்நாய் பிடிப்பாள், எப்போதும் காலடியில் மக்வா என்ற கறுப்பு நாய். "உங்களுக்கு இது புதுசு" என்றாள். "ரயில் வர்றதுக்கு முன்னாடியே எங்க ஆளுங்க இந்த ஏரிக்கரையில இருந்தாங்க. பாதை போட அளந்தவன் 'இங்கு யாரும் இல்லை'ன்னுதான் எழுதிட்டுப் போனான். அவனுக்கு என் தாத்தாதான் மீன் கொடுத்தாராம். எழுதறவன் எழுதட்டும். நாம இருந்து காட்டணும், அவ்வளவுதான்."

அவள் சொன்னது எனக்குப் பிடித்தது. இருந்து காட்டுவதென்றால் எளிதான வழி ஒன்று இருக்கிறதே, டிக்கெட் வாங்கினால் போயிற்று என்று நினைத்தேன். அதிகாரி வருவதற்குள் பத்து இருபது பேர் ஏறியதாகப் பதிவாகிவிட்டால் 'இல்லை' பொய்யாகிவிடும். வாசிலுக்கும் ஆபத்தில்லை.

அடுத்த புதன்கிழமை கொடியை வீசி ரயிலை நிறுத்தினேன். "வாசில், எனக்கு ஒரு டிக்கெட் குத்து" என்றேன்.

அவன் முகம் செத்துப்போயிற்று. "என்ன சைமா, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

கடிதத்தைக் காட்டினேன். படித்தான். இரண்டாம் தரம் படித்தான். டிக்கெட் குத்தும் இடுக்கி அவன் இடுப்பில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையில் எடுத்தான், விட்டுவிட்டான்.

"மெக்ஃபி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப என்னைக் கூப்பிட்டு ரெண்டு கொடுத்தாரு. ஒண்ணு இந்த இடுக்கி. இன்னொண்ணு அந்த வார்த்தை. என் கை இதைச் செய்யாது."

"கை செய்யாட்டி ஊர் போயிடும், மடையா."

"அப்படின்னா அந்த அதிகாரிகிட்ட நானே சொல்லிடறேன். இவங்களை ஏத்திக்கிட்டுப் போனது நான்தான்னு சொல்லிடறேன்."

"வாயைத் திறந்தே, உன் மீசையை அடுப்புல வெச்சுடுவேன். பென்ஷனை வாங்கிக்கிட்டுப் போய்ச் சேரு."

டிரைவர் பொறுமை இழந்து ஊதினான். நான் கோபத்தில் ரயிலில் ஏறவே இல்லை. செப்டம்பர் முழுக்க இதே கூத்து. ஆளுக்கு ஆள் போய்க் கேட்டோம். ஒவிலா அவன் சட்டைப் பையில் காசைத் திணித்துப் பார்த்தான். வாசில் அதைத் தண்டவாளத்தில் வீசிவிட்டு, கண் கலங்கி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நல்லவனோடு சண்டை போடுவதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

அக்டோபர் 18, திங்கள். காலை வண்டியில் அதிகாரி இறங்கினார். லேலண்ட் ப்ரவுஸ் என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். மெல்லிய மழைக்கோட்டு, நகரத்து ஷூ, கையில் தோல் பை. வாசில் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். வண்டி வடக்கே போயிற்று.

ப்ரவுஸ் ஊரைச் சுற்றிப் பார்த்தார். துருப்பிடித்த மில் கொதிகலன், கல்லறை, ஒன்பது வீட்டுப் புகை. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். மத்தியானம் கொட்டகையில் பட்டாணி சூப்பும் கறுப்பு ரொட்டியும் போட்டேன். இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காகிதத்தைக் கண்ணாக வைத்துக்கொண்டு பார்க்கிற ஆள், அவ்வளவுதான்.

"நீங்க எல்லாரும் வெளியூருக்கு எப்படிப் போறீங்க?" என்று கேட்டார்.

"நடந்து" என்றான் ஒவிலா.

"அறுபது மைலா?"

"எங்களுக்கு அவசரம் கிடையாது."

யாரோ இருமினார்கள். ப்ரவுஸ் பேனாவை மூடினார். "அப்படின்னா ரயில் உங்களுக்குத் தேவையில்லைன்னு ஆகுது, இல்லையா? என்னை மன்னிக்கணும். என்கிட்ட இருக்கற பதிவேடும் அதைத்தான் சொல்லுது. இருபது வருஷத்துல ஒரு ஆள்கூட இங்க ஏறலை. நான் வேற என்ன எழுத முடியும்?"

பொய் சொன்னால் ஊர் போகிறது, நிஜம் சொன்னால் வாசில் போகிறான். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த மனுஷனின் ஷூவைப் பார்த்தேன். அந்த ஷூவோடு இவர் எப்படி ஊர் போய்ச் சேரப்போகிறார் என்று தோன்றியது. தோன்றியதும் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டேன்.

மூன்றரை மணிக்கு ஆலங்கட்டியும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. ப்ரவுஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி வண்டி நேரத்துக்கு வருமா?"

"வரும்" என்றேன். "நிக்குமான்னுதான் தெரியாது."

"ஏன்?"

"இங்க யாரும் ஏறறதில்லையே. நீங்கதான சொன்னீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். "நான் இங்க இருக்கேன்னு கண்டக்டருக்குத் தெரியுமேம்மா."

"தெரியும். ஆனா கொடி பாக்காம லம்பியில நிறுத்தினா டிரைவர் பேர்ல கரும்புள்ளி. போன மாசம் உங்க ஆபீஸ்லேருந்துதான் எழுதி அனுப்பினாங்களாம். பயந்த பையன் அந்த டிரைவர். நிக்காட்டி என்ன, புதன்கிழமை அடுத்த வண்டி. பீன்ஸ் இருக்கு, போர்வை இருக்கு. இருந்துட்டுப் போங்க."

"கொடி எங்கே?"

"தகரத்துக்குக் கீழே, ஆணியில."

நான் போய் எடுப்பேன் என்று அவர் காத்திருந்தார். நான் உருளைக்கிழங்குக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவிலா குழாயில் புகையிலை அடைத்தான். டெல்ஃபின் வலையைப் பின்னினாள். கூடத்தில் பதினேழு பேர், ஒருவரும் அசையவில்லை. தெற்கே போகிற வண்டி வடக்கு வளைவில் ஊதுவது கேட்டது. ப்ரவுஸ் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

நாங்களும் பின்னாலேயே போனோம். அந்தக் காட்சியை விடுவோமா? மனுஷன் கணுக்கால் சேற்றில் நின்று, கொடியை ஈ விரட்டுகிற மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஆலங்கட்டி முகத்தில் அடித்தது. வண்டி வந்துகொண்டே இருந்தது. "இன்னும் மேல தூக்கு, சார்" என்று ஒவிலா கத்தினான். அவர் இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி வீசினார். இரண்டு சின்ன ஊதல். பிரேக் கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தை நான் ஆயுசு முழுக்கக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது நிற்கும்வரை எனக்கு மூச்சு வரவில்லை.

வாசில் பயணிகள் பெட்டியிலிருந்து இறங்கினான். ப்ரவுஸ் நனைந்த கையால் கம்பெனிப் பாஸை நீட்டினார். வாசில் அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அவரு லம்பி ஆளா?" என்று கேட்டேன். "இல்லையே. குத்து. எங்க ஏறினார்னு புஸ்தகத்துல எழுது. ஒண்ணு."

வாசில் குத்தினான். பயணப் புத்தகத்தை எடுத்து, லம்பி, ஏறியவர், ஒன்று என்று எழுதினான். ப்ரவுஸ் அதை எட்டிப் பார்த்தார். தன் கணக்கு எந்த ஊருக்கு நேரே விழுந்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கொடி இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மக்வாவுக்கு யார் சொல்வது? ரயில் நின்றதும் டெல்ஃபினின் காலடியிலிருந்து கிளம்பி, நேரே லக்கேஜ் பெட்டிக்கு ஓடி, ஒரே தாவாகத் தாவி, வாசலோரத்து மூட்டைமேல் இரண்டு சுற்றுச் சுற்றி, தன் பள்ளத்தில் படுத்துக்கொண்டது. அந்த இடத்தில் அதற்கென்று ஒரு கிழிந்த கோணிகூட விரித்திருந்தது.

ப்ரவுஸ் நாயைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். பக்கத்தில் வரிசையாக ஆணியில் தொங்கிய எங்கள் காப்பிக் கோப்பைகளைப் பார்த்தார். பதினேழு கோப்பை. "நாய்க்குத் தன் இடம் நல்லாத் தெரியுதே" என்று மெல்லச் சொன்னார்.

வாசிலின் மீசை நடுங்கியது. சொல்லிவிடப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நாய்தானே சார்" என்றேன். "அது உங்க ஆபீஸ் காகிதம் எதையும் படிச்சதில்லை. பெட்டிக்குள்ள போங்க, நனையறீங்க."

அவர் படியேறி நின்று ஷூவின் சேற்றைத் தட்டத் தொடங்கினார். வேண்டுமென்றேதான் அவ்வளவு நேரம் தட்டினாரோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். நான் வாசிலின் சட்டையைப் பிடித்து என் உயரத்துக்கு இழுத்தேன்.

"கேளுடா" என்று காதோடு சொன்னேன். "மெக்ஃபி சத்தியம் பண்ணினது உன்கிட்ட இல்லை, எங்ககிட்ட. நான் நின்னு கேட்டவ. அது எங்களுக்குச் சொந்தம். இத்தனை வருஷம் நீ பத்திரமா வெச்சிருந்தே. போதும். இப்ப எங்ககிட்டயே திருப்பிக் கொடு."

மழைத் தண்ணீரா கண்ணீரா என்று தெரியவில்லை, அவன் மீசை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியைக் கையில் எடுத்தான்.

"எத்தனை?" என்றான்.

"பதினேழு."

"பதினேழா?" என்று ஒவிலா என் தோளை இடித்தான். "அடுப்பை யாரு பாத்துப்பா?"

"அடுப்பு தன்னைத்தானே பாத்துக்கும். ஏறுய்யா."

வாசில் பதினேழு டிக்கெட் குத்தினான். ஒவ்வொரு டிக்கெட்டையும் குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டான். முப்பத்தெட்டு வருஷ கௌரவத்தில் ஓட்டை விழுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். பெரியவர் ஹெய்க்கி நியமலா, மில்லில் முதல் மரத்தை அறுத்தவர், எண்பத்தெட்டு வயது, டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்னதா?" என்றார்.

நாங்கள் லக்கேஜ் பெட்டியில் ஏறத் தொடங்கினோம். ப்ரவுஸ் படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "டிக்கெட் வாங்கியிருக்கீங்களேம்மா. இங்க சீட்டு காலியாத்தான் இருக்கு, வந்து உக்காருங்க."

"டிக்கெட் வாங்கியாச்சு இல்ல?" என்றேன். "எங்க உக்காரணும்னு நாங்க பாத்துக்கறோம். அந்தக் கொடியை ஆணியில மாட்டிட்டு ஏறுங்க. புதன்கிழமைக்கு வேணும்."

அவர் இறங்கிப் போய், கொடியைச் சுருட்டி, ஆணியில் மாட்டிவிட்டு வந்தார்.

அவர் எழுதிய அறிக்கையின் நகல் ஒன்று கிறிஸ்துமஸுக்கு வந்தது. நீள அறிக்கை. எனக்கு வேண்டியது ஒரு வரிதான். "பார்வையிட்ட அன்று லம்பியில் ஏறியவர்கள்: கீழே கையொப்பமிட்டவர் உட்படப் பதினெட்டு." நாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிறுத்தம் அப்படியே இருக்கிறது. வாசில் மார்ச்சில் பென்ஷன் வாங்கினான். அந்த இடுக்கியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். இப்போது கொட்டகையில் கரண்டிகளோடு தொங்குகிறது.

அதனால் புத்தகம் எழுதியவருக்கு நேற்று நான் ஒரு கடிதம் போட்டேன். என் டிக்கெட்டை நூற்றுப் பதினாறாம் பக்கத்தில் ஒட்டியிருந்தேன், அதைப் பார்த்தபடியே எழுதினேன்.

"ஐயா, லம்பி கைவிடப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், தேதிதான் தவறு. 1976 அக்டோபர் 18, திங்கள் மாலை நாலு மணி முதல் 20, புதன் காலை பத்து மணி வரை ஊரில் ஒரு ஈ காக்கை கிடையாது. எல்லோரும் டிக்கெட் எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருந்தோம். நாய் மட்டும் எடுக்கவில்லை. அடுத்த பதிப்பில் திருத்திவிடவும்."